வேன் கூரையில் இரண்டு பேனல், உள்ளே ஒரு குட்டி ஃபிரிட்ஜ்

எல்லாம் அம்மாவின் இன்சுலினால் வந்தது. அம்மாவுக்குக் கோயில் கோயிலாகப் போக வேண்டும், எனக்கும் மனைவிக்கும் ஊர் சுற்ற வேண்டும், அதற்காகத் திருச்சியில் ஒரு பழைய டிராவலர் வேனை ஓன் போர்டாகவே வாங்கினோம். பின் சீட்டுகள் இரண்டைக் கழற்றிவிட்டு ஒரு பலகைக் கட்டில் போட்டேன். பிரிக்காத இன்சுலின் பேனாவை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். முதல் இரண்டு பயணங்கள் ஐஸ் பெட்டியில் ஓடின. இரண்டாவது பயணத்தில் ஒரு பேனா ஐஸ்கட்டியோடு ஒட்டிக்கிடந்து உறைந்தே போயிற்று. உறைந்த இன்சுலினை உருக வைத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது, தூக்கித்தான் எறிய வேண்டும். அன்றைக்கே முடிவு செய்தேன், 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒன்று வாங்குவது, அதைச் சூரிய வெளிச்சத்தில் ஓட்டுவது. சொல்வதற்கு ஒரு வரி, செய்து முடிக்க இரண்டு வருடம். நடுவில் நான் கெடுத்த சாமான்களின் கதைதான் இது.

உண்மையில் சோலார் எனக்கு அறிமுகமானது அதற்கும் முன்னால், 2020 ஊரடங்கில். வேன் இரண்டு மாதம் தெருவில் நின்றது. திரும்பச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றுகூடச் சத்தம் இல்லை. வண்டி நின்றாலும் மியூசிக் சிஸ்டம், சென்ட்ரல் லாக், கடிகாரம் எல்லாம் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு அளந்து பார்த்ததில் என் வண்டியில் 40 மில்லி ஆம்பியர். அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரு நாளைக்கு 1 ஆம்பியர்-ஹவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் அளவு), இரண்டு மாதத்தில் 60. வண்டியைக் கிளப்பும் என் முன் பேட்டரி மொத்தமே 80தான். சரி என்று 10 வாட் குட்டிப் பேனல் ஒன்றை வாங்கி டேஷ்போர்டில் வைத்து, அதன் முனையை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினேன். பேனலில் நீல விளக்கு எரிந்தது, நானும் நிம்மதியாக இருந்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி செல்ஃப் எடுக்கவில்லை. பல வண்டிகளில் சாவியை எடுத்துவிட்டால் அந்த சாக்கெட்டுக்கும் பேட்டரிக்கும் தொடர்பே இருக்காது. நீல விளக்கு எரிந்தது பேனலின் சொந்தக் காசில். அப்புறம் நேராக பேட்டரி முனையிலிருந்து ஃபியூஸ் வைத்து ஒயர் எடுத்துக் கொடுத்தேன், அதிலிருந்து முன் பேட்டரி தகராறு செய்ததில்லை. வண்டியை அதிகம் எடுக்காதவர்களுக்கு இது ஒன்றே போதும், கீழே எழுதியிருக்கும் எதுவும் தேவைப்படாது.

ஃபிரிட்ஜுக்கு வருவோம். வாங்குவதற்கு முன்னால் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை கணக்குப் போட்டதுதான். ஃபிரிட்ஜ் ஓடும்போது 45 வாட், ஆனால் விட்டு விட்டுத்தான் ஓடும். நம்மூர் வெயிலில் நாளில் ஐந்தில் இரண்டு பங்கு நேரம் ஓடுகிறது என்று வைத்தால் 430 வாட்-ஹவர். 12 வாட் டிசி ஃபேன் இரண்டு, ராத்திரி எட்டு மணி நேரத்துக்கு 190. எல்இடி விளக்குகள் 40, போன்கள் 40. மொத்தம் 700. பேனல் பக்கம், தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குச் சுமார் 5 மணி நேர முழு வெயில் என்று கணக்கு வைப்பார்கள். கூரையில் படுக்கை வசமாகக் கிடக்கும் பேனல், சூடு, தூசி, ஒயர் எல்லாம் தின்றது போகக் கைக்கு வருவது 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 200 வாட் பேனலுக்கு அதே 700. சரிக்குச் சரி, மிச்சம் கிடையாது. மேகம் போட்டால் கடன்தான். இந்தக் கணக்கைப் போடாமல் முதலில் பேனலை வாங்கிவிட்டு அப்புறம் என்னென்ன ஓட்டலாம் என்று கேட்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு எந்தப் பதிலும் திருப்தி தராது.

கணக்கு சரியாகப் போட்ட கையோடு பேட்டரியில் கஞ்சத்தனம் செய்தேன். வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிப் போட்டிருந்த 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி சும்மா கிடந்தது, அதைத் தூக்கி வேனுக்குள் பின்பக்கம் வைத்தேன். தூக்கினேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன், இரண்டு பேர் முக்கி முனகி ஏற்றியது. அந்த பேட்டரி உயரமானது, ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதற்காகச் செய்தது. முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே மூடி வழியாக ஆசிட் தளும்பிக் கட்டிலுக்கு அடியில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் ஓட்டை விழுந்தது. அதைவிட மோசம், ஒரு மத்தியானம் அழுகிய முட்டை நாற்றம். எலி செத்துவிட்டது என்று மனைவி வேன் முழுக்கத் தேடினாள். எலி இல்லை, ஓவர் சார்ஜ் ஆகிக் கொதிக்கும் பேட்டரி. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் வாயு, நாறுகிற வாயு உடம்புக்கு ஆகாது, நாங்களோ அதே பெட்டிக்குள் கேஸ் அடுப்பில் டீ போடுகிறவர்கள். தண்ணீர் ஊற்றும் பேட்டரியை ஆள் தூங்கும் இடத்தில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் மூடிய பெட்டி, வெளியே போகும் குழாய், அப்படித்தான்.

வண்டி ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சும்மாதானே சுற்றுகிறது, அதிலிருந்தும் பின் பேட்டரிக்கு ஏற்றலாம் என்று முன் பேட்டரியையும் பின் பேட்டரியையும் நேராகச் சேர்த்துவிட்டேன். ஏறுவது நன்றாகத்தான் ஏறியது, இறங்குவதும் சேர்ந்தே இறங்கும் என்பது புத்திக்கு எட்டவில்லை. புதுக்கோட்டை ரோட்டில் ஒரு டீக்கடை ஓரம் ராத்திரி நிறுத்தி, ஃபேன் போட்டுத் தூங்கி, காலையில் சாவி போட்டால் இரண்டு பேட்டரியும் காலி. கடையில் நின்ற ஆறு பேர் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் லாரி டிரைவர். "அண்ணே, வண்டி பேட்டரிய வீட்டுச் செலவுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் வோல்டேஜைப் பார்த்துத் தானே சேர்ந்து பிரியும் ரிலே ஒன்று வாங்கிப் போட்டேன். இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் வந்தால் இரண்டையும் சேர்க்கும், நின்று 12.8க்கு இறங்கினால் பிரித்துவிடும்.

ரிலே வந்த பிறகும் பின் பேட்டரி நிரம்பவே இல்லை. திருச்சியிலிருந்து மதுரை போய் இறங்கியும் பாதிதான். ரிலே கெட்டது, பேட்டரி கெட்டது என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் ஒன்று பஞ்சாயத்தைத் தீர்த்து வைத்தது. இன்ஜின் ஓடும்போது முன்னால் 14.2, பின்னால் 13.1, நடுவில் 15 ஆம்பியர். 1.1 வோல்ட் எங்கே போனது? ஒயரில். வீட்டு மோட்டாருக்கு இழுத்ததில் மிச்சமிருந்த 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரைப் போட்டிருந்தேன். முன்னாலிருந்து பின்னால் 5 மீட்டர், போக வர 10. வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது பேட்டரி நிரம்புவதற்கும் நிரம்பாததற்கும் உள்ள முழு வித்தியாசம். 16 ஸ்கொயர் ஒயர் மாற்றினேன், பின்னால் 14 வந்துவிட்டது. விலை வலித்தது. மொத்த வேலையில் பேனலைவிட ஒயர், லக் (ஒயர் நுனியில் மாட்டும் உலோகக் காது), ஃபியூஸ், ஸ்லீவ் இவற்றுக்குத்தான் அதிகம் செலவழித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன், ரசீதுகளைக் கூட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை. லக்கைப் பற்றி இன்னொன்று. கட்டிங் பிளேயரால் நசுக்கி வைத்த லக் ஒன்று, தொட்டால் கை சுடும் அளவுக்குச் சூடாகிக்கொண்டிருந்தது. ஹைட்ராலிக் கிரிம்பிங் டூல் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்து அழுத்தி வாங்கினேன், சூடு நின்றது.

இப்போது ராமேஸ்வரம். என்னை அதிகமாகக் குழப்பியது இதுதான், இதே தப்பை வேறு வண்டிகளிலும் பார்த்திருக்கிறேன். என்னிடம் இருந்தது விலை குறைந்த பிடபிள்யூஎம் வகை சார்ஜ் கன்ட்ரோலர், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே நின்று சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி. அதில் பேனலுக்கு இரண்டு முனை, பேட்டரிக்கு இரண்டு, லோடுக்கு, அதாவது ஃபேன் மாதிரி மின்சாரம் குடிக்கும் சாமானுக்கு, இரண்டு. பேட்டரி இறங்கினால் லோடைத் தானே நிறுத்தும். வரும்போது 10.7 வோல்ட்டில் நிறுத்தும்படி வைத்திருந்தார்கள், அது ஆசிட் பேட்டரிக்குச் சாவுக் கணக்கு, நான் 11.8க்கு ஏற்றி வைத்தேன். அக்னி தீர்த்தம் பக்கம் நிறுத்திவிட்டு ஃபேன் காற்றில் தூங்கினோம். விடியற்காலை எழுந்து பார்த்தால் கன்ட்ரோலர் திரையில் லோடு நிறுத்தப்பட்டது என்ற குறி மின்னிக்கொண்டிருக்கிறது, தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது! மெதுவாக, கிழவர் நடக்கிற மாதிரி. பேட்டரியில் 9 வோல்ட்.

விஷயம் இதுதான். விலை குறைந்த கன்ட்ரோலர்களில் பலவற்றில் பாசிட்டிவ் மூன்றுக்கும் உள்ளே ஒன்றாகச் சேர்ந்திருக்கும், வெட்டுவது நெகட்டிவில்தான் நடக்கும். நானோ ஒயர் மிச்சம் பிடிக்க ஃபேனின் நெகட்டிவை வண்டி பாடியில் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தேன். ஆல்டர்னேட்டர் சார்ஜுக்காக பேட்டரி நெகட்டிவும் பாடியில் இருக்கிறது. கன்ட்ரோலர் கதவைச் சாத்தினால் என்ன, ஃபேன் கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருந்தது. லோடு முனையில் மாட்டும் சாமானுக்கு இரண்டு ஒயரும் அந்த முனைகளுக்கே வர வேண்டும், பாடியைத் தொடக் கூடாது. உங்கள் கன்ட்ரோலர் எப்படி என்று தெரிய, எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு, மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து மூன்று பாசிட்டிவையும் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிஷ வேலை. ஃபிரிட்ஜை அந்த லோடு முனையில் மாட்டவே வேண்டாம், கம்ப்ரஸர் கிளம்பும்போது இழுக்கும் இழுப்புக்குக் குட்டிக் கன்ட்ரோலர் தாங்காது. பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸில் கொடுங்கள், பெரும்பாலான 12 வோல்ட் ஃபிரிட்ஜுகளில் வோல்டேஜ் குறைந்தால் நிற்கும் வசதி அதற்குள்ளேயே உண்டு. அன்றைக்கும் ஃபிரிட்ஜ் ஒழுங்காகத் தானே நின்றிருந்தது, இன்சுலின் தப்பித்தது.

9 வோல்ட்டைப் பார்த்த டியூபுலர் அதற்கப்புறம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 100 ஆம்பியர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வாங்கினேன். எடை ஐந்தில் ஒரு பங்கு, ஆசிட் பேட்டரியில் பாதி என்றால் இதில் ஏறக்குறைய முழுதையும் பயன்படுத்தலாம், நாற்றம் கிடையாது. ஆனால் இதற்கென்று சில பழக்கங்கள் வேண்டும். கன்ட்ரோலரை லித்தியத்துக்கு மாற்றி வைக்க வேண்டும், 14.2 முதல் 14.4 வரை போதும், அவ்வப்போது கூடுதல் வோல்டேஜில் ஏற்றும் ஈக்வலைஸ் என்ற அமைப்பைக் கட்டாயம் அணைத்துவிட வேண்டும், அது ஆசிட் பேட்டரிக்கானது. முன்னாலிருந்து ரிலே மூலம் நேராகக் கொடுக்கவும் கூடாது. லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் பகாசுரன், ஆல்டர்னேட்டர் சூடாகிப் புகையும். ரிலேயை எடுத்துவிட்டு, முன்னாலிருந்து வரும் வோல்டேஜை பின் பேட்டரிக்குத் தக்கபடி மாற்றி, 20 ஆம்பியருக்கு மேல் விடாத டிசி டு டிசி சார்ஜர் போட்டேன். புது வண்டிகளில் எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டர் தன் வோல்டேஜை அடிக்கடி இறக்கிக்கொள்ளும், அந்த வண்டிகளில் எந்த பேட்டரியாக இருந்தாலும் இந்த சார்ஜர்தான் வழி. அப்புறம், லித்தியத்தை வோல்ட் பார்த்து எடை போட முடியாது, 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒரே எண்தான் காட்டும். போனதையும் வந்ததையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் வைத்த பிறகுதான் எனக்குக் கண் தெரிந்தது. லடாக் போகிறவர்கள் கவனிக்க, 0 டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. நமக்கு அந்தக் கவலை இல்லை, வெயில்தான் கவலை, அதனால் இன்ஜின் சூடு படாத இடமாகப் பார்த்து வைத்தேன்.

பேனல்கள் 100 வாட் இரண்டு. பின்னால் 18 வோல்ட் என்று ஒட்டியிருக்கும், அது 25 டிகிரியில். ஏப்ரல் மத்தியானம் வேன் கூரையில் பேனல் 65 டிகிரியைத் தொடும், அப்போது 18 என்பது 15 சொச்சமாக இறங்கிவிடும். இரண்டையும் பேரலலில் போட்டிருந்தபோது, பேட்டரி 14.4க்கு ஏற வேண்டிய நேரத்தில் பேனலுக்கு மூச்சு வாங்கியது. பேனலின் கூடுதல் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி வகைக்குக் கன்ட்ரோலரை மாற்றி, பேனல்களைச் சீரிஸில் போட்டு 36 வோல்ட் ஆக்கினேன், மெல்லிய ஒயரிலும் இழப்பு குறைந்தது. அப்படியும் 200 வாட்டில் 150ஐத் தாண்டியதில்லை, 11 ஆம்பியர் வந்தால் நல்ல நாள். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்றுப் போக இடம் விட்டிருக்கிறேன், ஒட்டும் வகை வளையும் பேனல் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

நிழல் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நானும் தலையாட்டியிருக்கிறேன், அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். திருச்செந்தூரில் பதினொரு மணி வெயில், மீட்டரில் 9 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று 4. மேகம் இல்லை. ஒயர் எல்லாம் தடவிப் பார்த்தேன், கன்ட்ரோலரைத் திட்டினேன். பின்னால் ஏணி வழியாக எட்டிப் பார்த்தால் கடலில் குளித்துவிட்டு வந்த அம்மாவின் ஈரத் துண்டு ஒரு பேனலின் ஓரத்தில், கால்வாசிகூட இல்லை, ஒரு ஜாண் அகலம். "நல்லா சூடா இருக்குடா, பத்து நிமிஷத்துல காஞ்சிரும்" என்றார் கீழிருந்து. செல்கள் சங்கிலி போலக் கோத்தவை, ஒரு கண்ணி அடைத்தால் அந்த வரிசையே நின்றுவிடும். கேரியர் கம்பியின் நிழல், ஏரியல், காக்கை எச்சம் எல்லாம் துண்டின் தம்பிகள். நிறுத்தும்போது மரத்தடி தேடும் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது, எங்கள் வீட்டில் இன்னமும் சண்டை வருவது இதில்தான்.

ஃபியூஸ் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். என் டிராயரில் 13ஆம் நம்பர் ஸ்பேனர் ஒன்று இருக்கிறது, அதன் நடுவில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். பேட்டரி முனையை முறுக்கும்போது கை நழுவி இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தது, ஒரு நொடிதான், வெல்டிங் வெளிச்சம். கையில் மோதிரம் இருந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன். மோதிரம், வாட்சைக் கழற்றுங்கள், ஸ்பேனர் பிடிக்கு டேப் சுற்றுங்கள், நெகட்டிவை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்டுங்கள். ஃபியூஸ் பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் அது காப்பாற்றுவது ஃபேனை அல்ல, ஒயரை. இரண்டு பேட்டரிக்கு நடுவே போகும் ஒயருக்கு இரண்டு முனையிலும் வேண்டும். வீட்டு எம்சிபியைப் போட்டால் போதும் சார் என்று ஒரு கடையில் சொன்னார்கள். வீட்டு ஏசி மின்சாரத்துக்குச் செய்த எம்சிபி, டிசி மின்சாரத்தின் பொறியை அணைக்கும் என்று நம்ப முடியாது, டிசி என்று எழுதியிருப்பதாகவே வாங்குங்கள். கன்ட்ரோலரில் பேட்டரியை முதலில் மாட்டிப் பிறகு பேனல், கழற்றும்போது பேனல் முதலில். நான் இதை மாற்றிச் செய்து ஒரு கன்ட்ரோலருக்குக் காரியம் பண்ணியிருக்கிறேன்.

கூரையைத் துளைக்கவில்லை. கேரியரில் எல் ஆங்கிள் வைத்து, அசைவில் கழலாத நைலான் நட் போட்டு, கூடவே மெல்லிய ஸ்டீல் ரோப்பும் கட்டினேன், டீசல் போடும்போதெல்லாம் ஒரு தடவை கையால் ஆட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வண்டியின் அமைப்பை ஆர்சியில் உள்ளதற்கு மாறாக மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது, அதனால் கட்டில், பேனல் எல்லாமே கழற்றி எடுக்கும்படிதான் இருக்கின்றன. பெரிதாகச் செய்ய நினைப்பவர்கள் முதலிலேயே ஆர்டிஓ, இன்சூரன்ஸ் இரண்டு இடத்திலும் கேட்டுக்கொள்வது நல்லது. பின் கதவு ரப்பர் இடுக்கில் ஒயரை உள்ளே எடுத்திருந்தேன். கொடைக்கானல் மலை ஏறும்போது மழை, ஒயரைப் பிடித்துக்கொண்டே தண்ணீர் உள்ளே வந்து கன்ட்ரோலர் தலையில் சொட்டியது. நுழைவதற்கு முன்னால் ஒயரைக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், அவ்வளவுதான்.

அந்தக் கொடைக்கானல் பயணத்தில் இரண்டு நாளும் மூடுபனி, பேனல் 1 ஆம்பியரைத் தாண்டவில்லை. காப்பாற்றியது டிசி டு டிசி சார்ஜர்தான், வத்தலக்குண்டிலிருந்து ஏறி வந்த நேரமும் பூம்பாறை போய் வந்த நேரமுமாகச் சேர்ந்து ஃபிரிட்ஜின் பாட்டைப் பார்த்துக்கொண்டது. குளிரில் ஃபேனும் ஓடவில்லை, அது ஒரு லாபம்.

இப்போது ஷன்ட் மீட்டரை முதலில் பார்ப்பது அம்மாதான், காலையில் விபூதி பூசிக்கொண்டே "72 இருக்குடா" என்பார். மனைவிக்கு இன்னும் ஒரு குறை, வேனில் மிக்ஸி ஓடவில்லை. மிக்ஸி 500 வாட், நான் வைத்திருக்கும் இன்வெர்ட்டர் 300. பெரிய இன்வெர்ட்டருக்கு ஒயர் மாற்ற வேண்டும், ஃபியூஸ் மாற்ற வேண்டும் என்று நான் இழுத்தடித்ததைப் பார்த்துவிட்டு, போன பயணத்தில் வீட்டிலிருந்த இடிகல்லைத் தூக்கி வேனில் ஏற்றிவிட்டாள். பேட்டரி மாற்றியதில் குறைந்த எடையில் கொஞ்சம் திரும்ப ஏறியது. தேங்காய்ச் சட்னி நன்றாக இருந்தது.